எப்போது நிறுத்துவது?

(வீட்டில் ரொட்டி சுடுபவர்களுக்காகப் புதுச்சேரியில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'ஸ்டாண்ட் மிக்ஸரில் மொறுமொறு பகேத்' என்று போட்டிருக்கிறார்கள். முன்வரிசையில் பாதிப் பேர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பது தெரிகிறது. செய்முறை சொல்கிறேன், கவலைப்படாதீர்கள். அதற்கு முன் கொஞ்சம் கதை கேட்க வேண்டியிருக்கும். மாவு பிசையும் இயந்திரத்துக்கும் பகேத்துக்கும் உள்ள உறவு அவ்வளவு சுமுகமானதல்ல. ஒரு காலத்தில் அந்த இயந்திரம் பிரெஞ்சு ரொட்டியைக் கெடுத்தே விட்டது. எப்படிக் கெடுத்தது என்று தெரிந்தால், உங்கள் வீட்டு மிக்ஸரை எந்த நிமிடத்தில் நிறுத்த வேண்டும் என்பதும் விளங்கிவிடும். நான் பேச வந்தது அந்த நிமிடத்தைப் பற்றித்தான்.

மிக்ஸர் என்றதும் தேங்காய் அரைக்கிற மிக்ஸியை நினைத்துக்கொள்ள வேண்டாம். கிண்ணம் கீழே, தலை மேலே, தலையிலிருந்து ஒரு கொக்கி தொங்கும், அந்தச் சாதனம். சட்னி அரைக்கிற மிக்ஸியில் ரொட்டி மாவைப் போட்டால் மாவும் சூடாகும், மோட்டாரும் புகையும்.

பகேத் பிரான்சின் ஆதிகாலத்து ரொட்டி என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம். நெப்போலியனின் சிப்பாய்கள் கால்சட்டைப் பையில் செருகிக்கொள்ள வசதியாக நீளமாகச் சுட்டார்கள் என்பது ஒரு கதை. பாரிஸ் மெட்ரோ சுரங்கம் தோண்டிய தொழிலாளர்கள் கத்தி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகக் கையால் பிய்க்கிற ரொட்டி வந்தது என்பது இன்னொன்று. கேட்க நன்றாக இருக்கும், ஆதாரம் கிடையாது. நீளமான ரொட்டிகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே பாரிசில் இருந்தன. 1830-களின் இறுதியில் ஆகுஸ்ட் சாங் என்ற ஆஸ்திரியர் பாரிசில் ஒரு வியன்னா பாணி ரொட்டிக்கடை திறந்தார். நீராவி விட்டுச் சுடுகிற அடுப்பு அங்கே பேர் பெற்றது. அந்த நீராவியை மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும். 'பகேத்' என்ற பெயரோடு, அளவோடு, விலையோடு அரசு ஆணை வந்தது 1920 ஆகஸ்டில்தான். எடை 80 கிராமுக்குக் குறையக் கூடாது, நீளம் 40 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, விலை 35 சாந்தீமுக்கு மேல் போகக் கூடாது. நூறு வருஷத்துச் சரக்கு, அவ்வளவுதான்.

அதுவரை மாவு பிசைந்தவர்கள் யார்? பாரிசின் நிலவறைகளில், மரத்தொட்டியின் மேல் குனிந்து, மேல்சட்டை இல்லாமல், வியர்க்க வியர்க்க, முனகிக்கொண்டே இரவெல்லாம் பிசைந்த கூலியாட்கள். கையால் பிசைந்த ரொட்டியின் பெருமையைப் பாடுகிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுவார்கள். 1919-இல், இரவு பத்து மணி முதல் காலை நான்கு மணி வரை ரொட்டித் தொழிலாளர்களை வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே போட வேண்டியிருந்தது. ஆகவே, பிசையும் இயந்திரம் கடைகளுக்குள் வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். வந்தது நல்லதுக்குத்தான். சிக்கல் அதன் பிறகு வந்தது.

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் கறுத்த, தவிடு கலந்த, என்னென்னவோ சேர்த்த ரொட்டியை வரிசையில் நின்று வாங்கித் தின்றார்கள். போர் முடிந்ததும் வெள்ளை ரொட்டிக்கு ஏங்கினார்கள். 1950-களில் அந்த ஏக்கத்துக்கு ஒரு வழி கிடைத்தது. இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டி, நீண்ட நேரம் மாவை அடிப்பது. அப்படி அடித்தால் ரொட்டி பலூன் மாதிரி உப்பும், உள்ளே பஞ்சாக வெளுக்கும். மாவுக்குத் தேவையான பலத்தை இயந்திரமே கொடுத்துவிடுவதால், முதல் புளிப்புக்காக மணிக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். கடைக்காரருக்கு நேரம் மிச்சம், வாடிக்கையாளருக்கு வெள்ளை ரொட்டி. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஒருவரைத் தவிர. அவர் பெயர் ரேமோன் கால்வெல். 1913-இல் பிறந்து 2005-இல் மறைந்தவர், பாரிசில் மாவரைப்புத் தொழில் பள்ளியின் பேராசிரியர். வாழ்நாள் முழுக்க ரொட்டியைச் சுவைத்து, ஏன் சுவை போயிற்று என்று தேடியவர். கோதுமைக்கு இயல்பாக லேசான மஞ்சள் நிறம் உண்டு. கரோட்டினாய்டு என்ற நிறமிகள் தருவது அது. நல்ல ரொட்டியின் வாசனைக்கும் அந்த நிறமிகளுக்கும் தொடர்பு உண்டு என்பது கால்வெலின் வாதம். மாவை வேகமாக அடிக்கும்போது காற்று புகுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த நிறமிகளை அழிக்கிறது. போதாததற்கு அக்காலத்தில் கொஞ்சம் ஃபாபா பீன்ஸ் மாவும் கலப்பார்கள். அதிலுள்ள நொதி வெளுக்கும் வேலையை இன்னும் விரைவாக்கும். பார்க்கப் பெரிய ரொட்டி, பிட்டால் வெள்ளை, தின்றால் ஒன்றுமில்லை. இயந்திரம் தன் வேலையைக் குறைவாகச் செய்யவில்லை, அதிகமாகச் செய்துவிட்டது.

கால்வெல் சொன்ன மாற்று மிக எளிது. மாவையும் தண்ணீரையும் மட்டும், உப்பும் ஈஸ்ட்டும் இல்லாமல், சேர்கிற அளவுக்குக் கலந்து இருபது முப்பது நிமிடம் சும்மா விட்டுவிடுங்கள் என்றார். 'ஓட்டோலீஸ்' என்று அதற்குப் பெயர் வைத்தார். நம் ஊர் பரோட்டா மாஸ்டரைக் கேட்டால் சிரிப்பார். மாவைப் பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடி ஊற விட்ட பிறகுதானே அவர் உருண்டையையே தொடுவார்? ஊறாத மாவை வீசினால் கிழியும். ஊறின மாவு அவர் கையில் துணியாக விரியும். கோதுமையில் குளுட்டெனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள். ஈரம் பட்டால் அவை தாமாகவே ஒன்றோடொன்று பின்னி குளூட்டன் வலையாகத் தொடங்கும். பாதி வேலையைத் தண்ணீரும் நேரமும் செய்துவிட்டால், இயந்திரத்துக்கு மிஞ்சுவது சில நிமிட வேலை. காற்று புகக் குறைந்த நேரம், நிறமி அழியக் குறைந்த நேரம்.

கால்வெலைத் தேடி வந்த மாணவர்களில் ஒருவர் அமெரிக்கச் சமையல் நூலாசிரியர் ஜூலியா சைல்ட். அமெரிக்க வீட்டுச் சமையலறையில் பிரெஞ்சு ரொட்டி வருமா என்று பார்க்க அவரும் கணவரும் மாவு மாவாகக் கொட்டித் தீர்த்தார்கள். சரியாக வராமல், பாரிசுக்குப் போய்க் கால்வெலிடம் கற்றுக்கொண்டு திரும்பினார். 1970-இல் வந்த அவருடைய புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் இந்த ஒரு ரொட்டிக்கு மட்டும் ஏறக்குறைய இருபது பக்கம். அடுப்புக்குள் சூடான தளம் வேண்டும் என்பதற்காக ஆஸ்பெஸ்டாஸ் ஓடு வைக்கச் சொல்லியிருந்தார்கள் முதலில். ஆஸ்பெஸ்டாஸின் ஆபத்து தெரிய வந்ததும் அதைச் சுட்ட மண் ஓடாக மாற்றினார்கள். நீங்களும் கருங்கல்லோ சுட்ட மண் ஓடோ வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டை மட்டும் தொடாதீர்கள்.

பிரெஞ்சு அரசும் 1993 செப்டம்பரில் விழித்துக்கொண்டது. பலாடூர் பிரதமராக இருந்தபோது வந்த ரொட்டி ஆணையின்படி, 'பிரெஞ்சு மரபு ரொட்டி' என்ற பெயரில் விற்க வேண்டுமானால் கோதுமை மாவு, குடிக்கும் தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது இயற்கைப் புளிமாவு, இவைதான் இருக்கலாம். மிகச் சிறு அளவில் ஃபாபா பீன்ஸ் மாவு, சோயா மாவு, கோதுமை மால்ட் மாவு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. வேறு சேர்க்கைப் பொருள் கூடாது. எந்தக் கட்டத்திலும் உறைய வைக்கக் கூடாது. எவ்வளவு வேகத்தில் பிசைய வேண்டும் என்று ஆணை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் சேர்க்கைகளைத் தடுத்ததும் அவசரப் பிசைவுக்கு இருந்த முட்டுகள் விழுந்துவிட்டன; மெல்லப் பிசைந்து நீண்ட நேரம் புளிக்க விடுகிறவர்களின் கை ஓங்கியது. மறுவருடமே பாரிஸ் நகரில் சிறந்த பகேத்துக்கான போட்டி தொடங்கியது. வெல்பவர் ஒரு வருடத்துக்கு எலிசே மாளிகைக்கு, அதாவது குடியரசுத் தலைவரின் சாப்பாட்டு மேசைக்கு, ரொட்டி அனுப்புவார். 2023-இல் அந்தப் பரிசை வாங்கியவர் தர்ஷன் செல்வராஜா. இலங்கையிலிருந்து போய், பாரிசின் இருபதாம் வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் தமிழர். பாணும் சம்பலும் தின்று வளர்கிற தீவிலிருந்து போனவர் கையால் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் பகேத் சாப்பிட்டார். அந்தச் செய்தி வந்த வாரம் எனக்கு எத்தனை பேர் போன் செய்தார்கள் தெரியுமா! ஏதோ நானே ஜெயித்தது போல.

சரி, பாரிசை விட்டு வீட்டுக்கு வருவோம். ஸ்டாண்ட் மிக்ஸர் பிறந்தது ஓஹியோ மாநிலத்தில். ஹோபார்ட் நிறுவனத்துப் பொறியாளர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன், 1908-இல் ஒரு ரொட்டிக்காரர் கனத்த இரும்புக் கரண்டியால் மாவைக் கிளறிச் சிரமப்படுவதைப் பார்த்தார். அதிலிருந்து பெரிய கடைகளுக்கான இயந்திரம் வந்தது, அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் சமையலறைக்குப் போனது. 1919-இல் அதே இயந்திரத்தைச் சுருக்கி கிச்சன்எய்ட் என்ற பெயரில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சுருக்கியதே முப்பது கிலோ! 1950-இல் இங்கிலாந்தில் கென்வுட் வந்தது. இவை எல்லாவற்றிலும் ஒரே தந்திரம்: கொக்கி தன்னைத்தானே ஒரு திசையில் சுற்றிக்கொண்டு, கிண்ணத்தை எதிர்த்திசையில் வலம் வரும். முட்டை அடிக்கவும் கேக் கலக்கவும் அது அற்புதம். ரொட்டி மாவுக்குச் சுமார்தான். கடையில் இருக்கும் ஸ்பைரல் மிக்ஸரில் கிண்ணமும் சேர்ந்து சுற்றும். மாவு தானாகக் கொக்கிக்கு வந்து சேரும். வீட்டு மிக்ஸரில் கிண்ணம் அசையாது. மாவு குறைவாக இருந்தால் அடியிலேயே உட்கார்ந்துகொள்ளும், கொக்கி வீணாக வட்டமிடும். அதிகமாக இருந்தால் கொக்கியில் ஏறிக் கழுத்து வரை போகும். கெட்டி மாவாக இருந்தால் மிக்ஸரே மேடையில் நடக்கத் தொடங்கும். பக்கத்திலேயே நில்லுங்கள், தொலைக்காட்சி பார்க்கப் போகாதீர்கள்.

வேகம்? கிச்சன்எய்ட் நிறுவனமே மாவுக்கு இரண்டாம் எண்ணுக்கு மேல் போகாதே என்கிறது. அவர்கள் கவலை பல்சக்கரம். நம் கவலை சுவை. இரண்டுக்கும் பரிகாரம் ஒன்றே என்பது நம் அதிர்ஷ்டம்.

இப்போது நம் ஊருக்கே உரிய தொல்லைக்கு வருகிறேன். இதைத்தான் வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லித் தராது: சூடு. பகேத் மாவு பிசைந்து முடிக்கும்போது 24, 25 டிகிரியில் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஈஸ்ட் தலைதெறிக்க ஓடும், வாசனை ஊறுவதற்குள் மாவு புளித்துத் தளர்ந்துவிடும். ரொட்டிக்காரர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வேண்டிய வெப்பத்தை மூன்றால் பெருக்குங்கள்: 25 மூன்று மடங்கு 75. அதிலிருந்து அறையின் வெப்பம், மாவின் வெப்பம், இயந்திரம் உராய்ந்து ஏற்றும் வெப்பம் மூன்றையும் கழியுங்கள். மே மாதப் புதுச்சேரியில் அறை 32, டப்பாவில் இருக்கும் மாவும் 32, மிக்ஸர் ஏற்றுவது ஐந்து என்று வைத்துக்கொள்வோம். 69 போனால் மிஞ்சுவது 6. தண்ணீர் ஆறு டிகிரியில் இருக்க வேண்டும்! 'வெதுவெதுப்பான நீரில் ஈஸ்ட்டைக் கரைக்கவும்' என்று எழுதி வைத்திருப்பது குளிர் நாட்டுக்காரருக்கு. நமக்கு ஃபிரிட்ஜ் தண்ணீர், கடும் கோடையில் கொஞ்சம் ஐஸ். மிக்ஸர் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் மாவின் சூடு ஏறிக்கொண்டே போகிறது என்பதால், பாரிஸ்காரரைவிட நமக்குத்தான் சீக்கிரம் நிறுத்துவது முக்கியம்.

மாவைப் பற்றி ஒரு சொல். கடையில் வாங்கும் ஆட்டாவில் பகேத் செய்ய நினைக்காதீர்கள். சக்கியில் சூடாக அரைபடும்போது அதன் மாவுச்சத்துத் துகள்கள் உடைந்து, தண்ணீரை அளவில்லாமல் குடிக்கும். சப்பாத்தி மிருதுவாக வர அதுதான் காரணம், பகேத் கனத்துப்போகவும் அதுதான் காரணம். வெளுக்காத மைதா என்று உறையில் போட்டு விற்கிறார்கள், அதை வாங்குங்கள். ஏற்கெனவே வெளுத்த மாவை வாங்கிவிட்டு, மிக்ஸர் நிறமியைக் கெடுக்கிறது என்று கால்வெலை மேற்கோள் காட்டுவதில் பயனில்லை. புரதம் நூறு கிராமுக்கு 11 இருந்தால் நல்லது. 500 கிராமில் 50 கிராமுக்கு ஆட்டா சேர்த்தால் கோதுமை மணம் கூடும். எனக்கு அது பிடிக்கும், தூய்மைவாதிகளுக்குப் பிடிக்காது.

நோட்டைத் திறங்கள். மாவு 500 கிராம். குளிர்ந்த தண்ணீர் 325. உப்பு 9, பாரிஸ் போட்டியில் கிலோவுக்கு 18 கிராம் என்பதுதான் கணக்கு. இன்ஸ்டன்ட் ஈஸ்ட் அரைத் தேக்கரண்டி, அதாவது ஒன்றரை கிராம். குறைவாக இருக்கிறதே என்று கை நீள வேண்டாம். தேக்கரண்டியால் மாவையும் தண்ணீரையும் அளக்கிறவர்கள் முதலில் ஒரு தராசு வாங்குங்கள்.

மாவையும் தண்ணீரையும் மிக்ஸரில் மிகக் குறைந்த வேகத்தில், உலர்ந்த மாவு கண்ணில் படாமல் போகும் வரை ஓட்டுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் போதும். கிண்ணத்தை மூடி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். கால்வெல் வெளியே வைக்கச் சொன்னார். அவர் சென்னையில் குடியிருந்ததில்லை. பிறகு உப்பும் ஈஸ்ட்டும் தூவி, குறைந்த வேகத்தில் நான்கு நிமிடம், இரண்டாம் எண்ணில் ஒரு நிமிடம். மாவு கிண்ணத்தின் பக்கங்களை விட்டு விலகியிருக்கும், அடியில் மட்டும் ஒட்டும். தொட்டால் பிசுபிசுக்கும், மேலே முழுமையாக வழுவழுப்பு வந்திருக்காது. நிறுத்திவிடுங்கள்.

இங்கேதான் பலருக்குக் கை வராது. யூடியூபில் பார்த்திருப்பார்கள்: மாவைக் கிள்ளி விரித்தால் மறுபக்கம் தெரிகிற திரையாக விரிய வேண்டும், அதுவரை அடி என்று. பால், வெண்ணெய், சர்க்கரை போட்ட பன்னுக்கு அது சரி. பகேத்துக்கு அந்தத் திரை வருவதற்கு முன்பே இயந்திரம் ஓய வேண்டும். மீதிப் பலத்தைக் கை கொடுக்கும், ஃபிரிட்ஜ் கொடுக்கும். அரை மணிக்கு ஒருமுறை, இரண்டு தடவை, கையை நனைத்துக்கொண்டு மாவின் ஓரத்தை இழுத்து நடுவில் மடித்துப் போடுங்கள், நான்கு பக்கமும். ஒவ்வொரு மடிப்புக்கும் அது இறுகுவது கைக்குத் தெரியும். ஒரு மணி நேரம் கழித்து மூடி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில். குளிரில் ஈஸ்ட் தூங்கிவழியும். ஆனால் மாவிலுள்ள நொதிகள் மாவுச்சத்தை மெல்ல மெல்லச் சர்க்கரையாக உடைத்துக்கொண்டே இருக்கும். மேலோடு சிவப்பதற்கான நிறமும், வாயில் வரும் இலேசான இனிப்பும் அந்த இரவின் வரவு.

மறுநாள் நான்காகப் பங்கிடுங்கள், பங்குக்கு இருநூறு கிராமுக்குச் சற்று மேல் வரும். நம் ஓடிஜி அடுப்பில் பாரிஸ் பகேத்தின் நீளம் நுழையாது, 30 சென்டிமீட்டரோடு திருப்திப்படுங்கள். லேசாக உருட்டி இருபது நிமிடம் விட்டு, பிறகு நீட்டுங்கள். காற்றை முழுக்க நசுக்காதீர்கள், பெரிய பெரிய கண்கள் வேண்டுமென்றால் அந்தக் காற்று வேண்டும். மாவு தூவிய பழைய வேட்டியை மடித்து மடித்து, மடிப்புகளுக்கு நடுவே படுக்க வையுங்கள். நம் சூட்டில் அரை மணி முக்கால் மணி போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாக, பாதி மட்டும் திரும்பி வர வேண்டும்.

மேலே கீறுவதற்குப் புது சவர பிளேடு. குறுக்கே கீறாதீர்கள், ஏறக்குறைய நீளவாக்கில், படுத்த கோணத்தில், ஒரு கீறலின் கடைசிப் பகுதியும் அடுத்ததன் தொடக்கமும் பக்கம் பக்கமாக வரும்படி மூன்று நான்கு கீறல். அப்படிக் கீறினால்தான் வெந்து எழும்போது ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

இனி மேலோடு. அடுப்பு 250 டிகிரி, அது முடியாவிட்டால் அதன் உச்சம் எதுவோ அது. கல்லோ கவிழ்த்த கனத்த தட்டோ உள்ளே வைத்து, முக்கால் மணி நேரம் காய விடுங்கள். ஆகுஸ்ட் சாங்கின் நீராவி இப்போது வருகிறது. ரொட்டியை உள்ளே தள்ளும்போது அடியில் காய்ந்துகொண்டிருக்கும் இரும்புத் தட்டில் கொதிக்கும் தண்ணீரைக் கால் டம்ளர் ஊற்றிக் கதவைச் சாத்துங்கள். நீராவி ரொட்டியின் மேல் படிந்து, மேல்பரப்பு மாவுச்சத்தைக் கூழாக்கும். அதனால் ஓடு உடனே இறுகாது, ரொட்டி முழுதாக உப்ப நேரம் கிடைக்கும். பிறகு அந்தக் கூழ் காய்ந்து மெல்லிய, பளபளப்பான, உடைகிற ஓடாகும். நீராவி இல்லாத ரொட்டிக்கு ஓடு தடிக்கும், மங்கும், பல்லைக் கேட்கும். இரண்டு எச்சரிக்கை: கதவின் கண்ணாடியில் ஒரு சொட்டு பட்டாலும் விரிசல் விடலாம், அதன் மேல் ஒரு துணி போட்டுக்கொண்டு ஊற்றி, மூடுமுன் துணியை எடுங்கள். ஓடிஜியில் விசிறி இருந்தால் முதல் பத்து நிமிடம் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் நீராவி முழுவதையும் அது விரட்டிவிடும். பத்து நிமிடம் கழித்துத் தண்ணீர்த் தட்டை எடுத்துவிட்டு, இன்னும் பன்னிரண்டு பதினைந்து நிமிடம். பொன்னிறம் வந்ததும் நம் ஆட்கள் பயந்து எடுத்துவிடுவார்கள். எடுக்காதீர்கள். நல்ல பழுப்பு வரட்டும், கீறலின் ஓரங்கள் கறுக்கத் தொடங்கட்டும். மணமும் மொறுமொறுப்பும் அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில் இருக்கின்றன. வெளியே எடுத்துக் கம்பித் தட்டில் வைத்ததும் ஓடு படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்டால், நீங்கள் தேறிவிட்டீர்கள்.

கடற்கரை ஊரில் இந்த மொறுமொறுப்பு சில மணி நேரம்தான் நிற்கும். உள்ளே இருக்கும் ஈரமும் வெளிக்காற்றின் ஈரமும் ஓட்டுக்குள் இறங்கும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் இன்னும் சீக்கிரம் தோலாகிவிடும், ஃபிரிட்ஜில் வைத்தால் உள்ளே வறண்டு போகும். மாலைக்கு வேண்டுமானால் 200 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டுங்கள், பாதி மீண்டு வரும். பிரெஞ்சுக்காரர்கள் ஒரே நாளில் இரண்டு தடவை ரொட்டிக்கடைக்குப் போவது இதனால்தான்.

நேரமாகிவிட்டது, அமைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கூட்டம் தொடங்கும் முன்பே ஓர் அம்மா கேட்டார்கள்: ஒரு மாதச் சம்பளத்தைப் போட்டு மிக்ஸர் வாங்கலாமா என்று. வாரம் தவறாமல் சுடுகிறீர்களா, மணிக்கட்டு வலி இருக்கிறதா, வாங்குங்கள். கேக்குக்கும் பன்னுக்கும் சேர்த்து உதவும். பகேத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். நான் சொன்ன ஐந்து நிமிட மிக்ஸர் வேலையை இன்னும் இரண்டு மடிப்புகள் சேர்த்துக் கையாலேயே முடித்துவிடலாம். முதலில் தராசும், ஒரு வெப்பமானியும், அடுப்புக்குள் வைக்க ஒரு கல்லும் வாங்குங்கள். மூன்றும் சேர்த்து மிக்ஸர் விலையில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது. மற்ற கேள்விகளுக்கு வெளியே தேநீர் இடைவேளையில் பதில் சொல்கிறேன்.